பாட்டியை அந்தமான் கல்யாணத்துக்கு அழைத்துப் போகலாமா?

திருச்சியிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். அவருடைய நாத்தனார் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். அந்தமானின் ஸ்வராஜ் த்வீப் தீவில், ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நடக்கிறது. 2018 வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட அதே தீவு. நெருங்கிய சொந்தம் நாற்பது பேர் மட்டும். மூன்று இரவுக்கான அறை கல்யாண வீட்டார் செலவு, டிக்கெட் அவரவர் பொறுப்பு. ஒரு வாரம் கழித்துத் திருச்சியில் வரவேற்பு.

மாப்பிள்ளையின் பாட்டி, அதாவது வாசகியின் மாமியார், இந்த மருமகளோடுதான் இருக்கிறார். வயது 79. முழங்கால் தேய்மானம். போன வருடம் மறதி நோய் ஆரம்ப நிலையில் இருப்பதாகச் சொல்லி டோனெபெசில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகலாம், வா" என்று சொந்த வீட்டிலேயே கிளம்பி நிற்கிறாராம். வாசகியின் கணவருக்கு 61 வயது. கடந்த மாசியில் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "பாட்டி இல்லாமல் என் பையன் தாலி கட்ட மாட்டான். இந்தியாவுக்குள்ளதானே இருக்கு, ரெண்டு மணி நேர ஃப்ளைட்" என்கிறார் நாத்தனார்.

வாசகியின் கேள்விகள்: மூவரும் போகலாமா? விமானத்தில் ஏறும் முன் கணவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்த வேண்டுமா? மாமியாருக்கு வழியில் தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா? எந்த அறையைக் கேட்டு வாங்குவது? ஆபீஸ் இன்சூரன்ஸ் போதுமா? கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி: "எனக்கும் பத்து வருஷமா சுகர் இருக்கு டாக்டர், இன்சுலின் போடுறேன், பாதம் கொஞ்சம் மரத்துப்போகும், அது பரவாயில்லை."

அன்புள்ள வாசகிக்கு,

பரவாயில்லை என்று நீங்கள் எழுதிய அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது. இந்தப் பயணத்தில் மூன்று பேரில் யாருக்கு ஏதாவது ஆகலாம் என்று என்னைக் கேட்டால், உங்களுக்குத்தான் என்பேன். அத்தையையும் வீட்டுக்காரரையும் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள். உங்களைப் பார்க்க அங்கே ஆளில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் நாத்தனாரின் அந்த "ரெண்டு மணி நேர ஃப்ளைட்".

அவர் சொல்வது பொய்யில்லை. சென்னையில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கிவிடலாம். (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர் இது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.) ஆனால் அதற்கு முன்னால் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஐந்து மணி நேர ரயில் இருக்கிறது. இறங்கிய பிறகு படகுத்துறைக்குப் போய், பையைச் சோதனைக்குக் கொடுத்து, காத்திருந்து, படகேற வேண்டும். தீவு அங்கிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். தனியார் விரைவுப் படகில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். ரிசார்ட் தீவின் ராதாநகர் கடற்கரைப் பக்கம் இருந்தால் துறையிலிருந்து இன்னொரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கார். 79 வயது முழங்காலுக்கு இத்தனை ஏற்ற இறக்கம்.

போவதைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். நான் யோசிப்பது அவசரத்துக்குத் திரும்பி வருவதைப் பற்றி. திருச்சியில் இரவு ஒன்பது மணிக்கு உங்கள் கணவருக்கு நெஞ்சு வலித்தால் அரை மணிக்குள் ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனையில் இருப்பீர்கள். அந்தத் தீவில் இருப்பது சிறிய அரசு மருத்துவமனை. முதலுதவி கிடைக்கும், நல்ல மனிதர்களும் இருப்பார்கள். ஆனால் பெரிய வைத்தியத்துக்குக் கடல் தாண்டி ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கும் ஜி.பி.பந்த் அரசு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அதற்கும் மேலே தேவைப்பட்டால் சென்னை அல்லது கொல்கத்தா. இருட்டிய பிறகு பயணிகள் படகு ஓடாது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் அதற்கு வானமும் வெளிச்சமும் ஒத்துழைக்க வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அங்கேயும் லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள், நம் தமிழர்களும் நிறைய இருக்கிறார்கள். எந்த டிக்கெட், எந்த அறை, எத்தனை இரவு என்று முடிவு செய்யும் ஒவ்வொரு முறையும் "இங்கிருந்து மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு நான் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

இன்னொன்றை உங்கள் கடிதத்தில் யாருமே கவனித்ததாகத் தெரியவில்லை. ஆவணி. நமக்கு அது முகூர்த்த மாதம், அந்தமானுக்கு மழை மாதம். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வரும் முன்பே மே மாதத்தில் அங்கே இறங்கிவிடும், செப்டம்பரிலும் விடாது. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ரிசார்ட் வாடகை சல்லிசாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பயணத்தை இப்படி உடைத்துக்கொள்ளுங்கள்

முதல் நாள் திருச்சியிலிருந்து சென்னை, அங்கே ஓர் இரவு. ராத்திரி பஸ்ஸில் வந்து அப்படியே விடிகாலை விமானம் ஏறும் திட்டம் வேண்டாம். அடுத்த நாள் காலை விமானம். தீவுக்குக் கடைசிப் படகுகள் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிடும் என்பதால், தரையிறங்கியதும் ஓடிப்பிடிக்கலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓடாதீர்கள். அன்றிரவு ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்குங்கள், ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஹோட்டல் போதும். மூன்றாம் நாள் காலைப் படகு.

திரும்பும்போது படகும் விமானமும் ஒரே நாளில் வரவே கூடாது. முந்தின நாளே ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்து தங்கிவிடுங்கள். கல்யாண வீட்டார் மூன்று இரவு கொடுத்தாலும் தீவில் உங்களுக்கு இரண்டு இரவு தாராளம். மெகந்தி, நலங்கு, கடற்கரைப் பாட்டுக் கச்சேரி எல்லாவற்றிலும் நீங்கள் இருந்தாக வேண்டும் என்றில்லை.

மோசமான வானிலையால் விமான நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் மாற்று விமானமோ டிக்கெட் பணம் முழுவதுமோ கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. படகு நிறுவனங்களின் விதி தனி, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு விமான நிறுவனத்திடம் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். படகுக்கும் அடையாள அட்டை வேண்டும், அத்தையின் ஆதார் அட்டையை அவர் கைப்பையில் வைக்காமல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம்

ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது. நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, நிறுத்தாமல் இரண்டு மாடி ஏற முடிகிறது என்றால் விமானப் பயணத்துக்குத் தடையில்லை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, இசிஜி எடுத்து, ஒரு சுருக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஞ்சியோ அறிக்கையைச் செல்போனில் படமாக வைத்திருங்கள். தீவில் சிக்னல் போனாலும் திறக்கும்படி இருக்க வேண்டும்.

மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தும் யோசனை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வாட்ஸ்அப்பாக இருக்கலாம். தயவுசெய்து ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் அதோடு இன்னொரு மாத்திரையும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குக் கொடுப்போம். இடையில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திரும்பவும் மாரடைப்பு வரலாம். விமானத்தில் ஏறுவதால் அந்த மாத்திரை ரத்தக்கசிவை ஏற்படுத்தும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றை அவர் கைப்பையிலும் ஒன்றை உங்கள் கைப்பையிலும் வையுங்கள், மூன்று நாளுக்குக் கூடுதலாக. நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். பட்டு வேட்டி கட்டும் நாளிலும்தான். அன்றுதான் சட்டை மாற்றும்போது அது பழைய சட்டையோடு போய்விடும்.

தலையில் கண்ணாடிக் குடம் மாட்டிக் கடலுக்கடியில் நடக்கும் விளையாட்டுக்கோ ஸ்கூபாவுக்கோ இளவட்டங்கள் இழுத்தால், அவர் கரையில் நின்று போட்டோ எடுக்கட்டும். ஸ்கூபா செய்த இளவட்டங்களிடமும் சொல்லிவையுங்கள்: நீரடியிலிருந்து வந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது.

அத்தை விஷயம்

நேரடியாகவே சொல்கிறேன். தீவுக்கு அவரை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் முழங்கால் அல்ல, அதற்குச் சக்கர நாற்காலி இருக்கிறது. மறதி நோய் உள்ளவர்களுக்குப் பழகிய வீடே பாதி மருந்து. கழிவறை எந்தப் பக்கம் என்று அவர் மனம் மறந்தாலும் கால் நினைவில் வைத்திருக்கும். ஐந்து நாளில் மூன்று புது அறை, மூன்று புதுக் கழிவறை என்றால் அந்தக் கால் பழக்கமும் போய்விடும். இரவில் எழுந்து திசை தெரியாமல் நிற்பார், பதறுவார், விழுவார். சாயங்காலக் குழப்பம் வேறு இருக்கிறது. அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நம்மை விடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முந்தி. ஆவணியில் விடிவது ஐந்தேகாலுக்கு, ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அவர் "வீட்டுக்குப் போகலாம்" என்று எழுந்து நிற்கும் நேரம் அங்கே சீக்கிரம் வந்துவிடும், நீங்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தூக்க மாத்திரை கூடவே கூடாது. அவருக்கு அது தூக்கம் தராமல் பிதற்றலைத் தரலாம், தள்ளாட வைக்கும். படகில் வாந்தி வராமல் இருக்க நாம் கைமருந்துபோலப் போட்டுக்கொள்ளும் அவோமினும் அவருக்கு ஆகாது. மூளையில் டோனெபெசில் எதைக் கூட்டுகிறதோ அதன் வேலையைத்தான் அவோமின் தடுக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. நண்பர் ஒருவரின் தந்தை ஒரேயொரு அவோமின் போட்டுக்கொண்டு படகில் ஏறி, இறங்கும்போது மகனையே "யார் நீ?" என்று கேட்டார். தெளிய இரண்டு நாள் ஆயிற்று. (உங்களுக்கு அவோமின் போடலாம், தூக்கம் வரும். வீட்டுக்காரருக்கு இதய மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். படகில் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்காருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பொங்கல் வடையும் வேண்டாம், இரண்டு இட்லி போதும்.)

"பாட்டி இல்லாமல் தாலி கட்ட மாட்டான்" என்பது மருத்துவக் கேள்வி இல்லை, இருந்தாலும் வயதானவனாக ஒன்று சொல்கிறேன். பெரியவர்கள் தாலியைத் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வதித்துத் தருவதுதானே நம் வழக்கம்? அதை இங்கேயே செய்யலாமே. கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளை திருச்சிக்கு வரட்டும். காலை வேளையில், அத்தை தெளிவாக இருக்கும்போது, அவர் மடியில் தட்டை வைத்து அவர் கையால் தொட்டுக் கொடுக்கட்டும். வரவேற்பில் முன்வரிசை நாற்காலி அவருக்கு. கடற்கரையில் நாற்பது பேர் நடுவில், அலைச் சத்தத்தில், யார் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட இது அவருக்கு நன்றாக இருக்கும். வீடியோ அழைப்பும் முயன்று பாருங்கள். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்ததிலிருந்து இணைப்பு எவ்வளவோ மேல், ஆனால் தீவில் மழை நாளில் அதை நம்பிக் கல்யாணத்தை நிறுத்தி வைக்க முடியாது.

அத்தையையும் கேளுங்கள். மறதி ஆரம்ப நிலைதான், விருப்பம் சொல்லத் தெரியும். உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை.

அவரை வீட்டில் விட்டுப் போவதென்றால், கடைசி நாளில் ஒரு புது ஆளை நிறுத்திவிட்டுக் கிளம்பாதீர்கள். இரண்டு வாரம் முன்பே பகலில் வரச் சொல்லிப் பழக்குங்கள். இரவில் சொந்தத்தில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து படுக்கட்டும். அவரை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டாம். அதற்கு ஆளே கிடைக்கவில்லை என்றால், வீட்டுக்காரர் உறவினர் யாராவது ஒருவரோடு போய் வரட்டும், நீங்கள் வரவேற்பில் கலந்துகொள்ளுங்கள். அதுவும் ஒரு வழிதான். நீங்கள் அதை யோசித்ததாகவே தெரியவில்லை.

கடலைப் பார்த்த அறை வேண்டாம்

இவ்வளவுக்குப் பிறகும் குடும்பம் கூடி அத்தையை அழைத்துப் போவதென்று முடிவெடுத்தால், மரியாதைக்கு என்று பாட்டிக்குக் கடலைப் பார்த்த குடிலைத்தான் ஒதுக்குவார்கள். அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான அறை. கதவைத் திறந்தால் மணல், நாலு எட்டு வைத்தால் தண்ணீர். இரவில் வீட்டைத் தேடிக் கிளம்பும் ஒருவரை அங்கே படுக்கவைக்கக் கூடாது. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டிய, தரைத்தள அறையைக் கேளுங்கள். வாசலில் படி இருக்கக் கூடாது. கழிவறை விளக்கு இரவு முழுதும் எரியட்டும். கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டு, உங்கள் கட்டிலைக் கதவை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அவர் தலையணை உறையும் போர்வையும் ஒன்று கொண்டுபோங்கள். புது இடத்தில் அந்த வாசனை உதவும்.

அத்தை வந்தாலும் வராவிட்டாலும், ரிசார்ட்டுக்கு நீங்களே போன் செய்து சில விஷயங்களைக் கேளுங்கள். நாத்தனார் மூலம் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்றுதான் பதில் வரும்.

அறையிலிருந்து மணமேடைக்கு எவ்வளவு தூரம், பாதை மணலா சிமெண்டா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அறைகளுக்கும் ஓடுமா, சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டுமா? இரவில் ஆத்திரம் அவசரத்துக்கு வண்டியும் ஓட்டுநரும் ரிசார்ட்டிலேயே இருப்பார்களா? அங்கே நம் ஊர்போலச் செயலியில் கார் கூப்பிட முடியாது. அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்? தீவில் ரிசார்ட்டுகள் பலவும் கோவிந்த் நகர், விஜயநகர் பக்கம் இருக்கின்றன, அங்கிருந்து படகுத்துறை கிட்டம். ராதாநகர் அழகு, ஆனால் எட்ட இருக்கிறது. கல்யாணம் ராதாநகர் பக்கம் நடந்தாலும் நீங்கள் துறைக்கு அருகில் அறை எடுத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போய் வரலாம். சொந்தச் செலவில் வேறு இடத்தில் தங்குவது கல்யாண வீட்டாரை அவமதிப்பதாகாது. உடம்புக் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ளாவிட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், டாக்டர் சொன்னார் என்று.

இனி உங்கள் பாதம்

மரத்துப்போகும் பாதத்துக்கு வலி தெரியாது. வலி தெரியாத பாதத்துக்குக் கடற்கரைபோல எதிரி கிடையாது. கிளிஞ்சல், உடைந்த பவளப்பாறைத் துண்டு, வெயில் நேரத்தில் சுடும் மணல் என்று எது கிழித்தாலும் சுட்டாலும் உங்களுக்குத் தெரியவராது. கடல்நீர் பட்ட காயம் சர்க்கரை நோயாளிக்கு வேகமாகச் சீழ்பிடிக்கும். மழைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 1980களின் இறுதியில் அந்தமானில் ரத்தம் கக்க வைக்கும் மர்மக் காய்ச்சல் ஒன்று பரவியது. அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலிருக்கும் சிறு வெட்டு வழியாக உள்ளே போனால் போதும்.

அதனால் அறைக்குள்ளும் செருப்பு. கடலில் கால் நனைக்க ஆசையாக இருந்தால் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்போடு இறங்குங்கள். மணமேடையில் செருப்புக் கூடாது என்பார்கள், சரி, தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு ஜமக்காளம் விரித்த இடத்தில் மட்டும் நில்லுங்கள். புடவைக்குக் கீழே யாருக்கும் தெரியாது. இரவு படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிந்து பார்ப்பதை விட இது சுலபம், விரலிடுக்கும் தெரியும். சிவப்போ கொப்புளமோ வெட்டோ இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, மருந்து போட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்தக் கடற்கரையில் மணல் ஈக்களும் கடிக்கும். சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க, கை காலுக்குக் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொள்ளுங்கள். கொசுவுக்கும் அதுவே காவல்.

அப்புறம் இன்சுலின். ஐஸ் பாக்கெட்டோடு பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தப்பு. பெட்டி தொலைந்தால் இன்சுலினும் போச்சு. ஐஸ் நேரடியாகப் பட்டு உறைந்துபோனால் மருந்தின் வீரியமே போய்விடும், பிறகு உருகினாலும் அது வெறும் தண்ணீர்க் கணக்குதான். ஐந்தாறு நாள் பயணத்துக்கு ஐஸே தேவையில்லை. 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பென் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியிலேயே கெடாது. உங்கள் பென்னின் அட்டையில் எழுதியிருப்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், ஊசியையும் அனுமதிப்பார்கள். காரில் வெயிலில் விடாதீர்கள், அவ்வளவுதான். வீட்டில் சிலர் செய்வதுபோல மண்கலயத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வித்தை அங்கே எடுபடாது. காற்றே ஈரமாக இருக்கும்போது கலயம் குளிராது. ரிசார்ட் அறையில் குட்டி ஃப்ரிட்ஜ் இருந்தாலும் நம்ப வேண்டாம். சில இடங்களில் வாசல் அட்டையை உருவியதும் அதற்கும் மின்சாரம் நின்றுவிடும், சில இடங்களில் உள்ளே ஐஸ் கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் ஊகிக்கிறேன். தாலி கட்டும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் வழக்கம் உங்களுக்கு இருக்குமானால், அன்று அது வேண்டாம். காலை இன்சுலின் போட்டுக்கொண்டு, முகூர்த்தம் தள்ளிப்போய், வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அதன் முதல் அறிகுறி வியர்வை. அந்தமான் புழுக்கத்தில் பட்டுப்புடவையோடு நிற்கும் நாற்பது பேருமே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு வருவது எந்த வியர்வை என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கை நடுங்கினால், கண் இருட்டினால், காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். குளுக்கோஸ் பொட்டலம் இடுப்பில் சொருகிய சுருக்குப்பையில் இருக்கட்டும், அறையில் இருந்து பயனில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தியிடமாவது, "எனக்குச் சுகர், நான் ஒரு மாதிரி பேசினால் முதலில் இனிப்பைக் கொடு" என்று சொல்லிவையுங்கள். கடிதத்தின் கடைசி வரியில் ஒளித்ததுபோல அங்கேயும் ஒளிக்காதீர்கள்.

திரும்பி வந்து மூன்று நான்கு வாரத்துக்குள் மூவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், முதல் வாக்கியமாக "அந்தமான் போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றையும் அவர் சோதிக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

இன்சூரன்ஸ்

ஆபீஸ் மருத்துவக் காப்பீடு இந்தியா முழுவதும் செல்லும், அந்தமானிலும் செல்லும். அதுவரை உங்கள் எண்ணம் சரி. அத்தையின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், பல நிறுவனங்கள் மாமியார் மாமனாரைச் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் பிள்ளையின் பாலிசியில்தான் இருப்பார்கள். ஸ்ரீ விஜயபுரத்தில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியல் மருத்துவமனை ஏதும் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் பணமில்லாச் சிகிச்சை கேட்கலாம். அவசரத்தில் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவமனையும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் கையில் கொஞ்சம் பணம் இருப்பது நல்லது.

நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஏர் ஆம்புலன்ஸ் செலவைப் பாலிசி ஏற்குமா, எவ்வளவு வரை? தீவிலிருந்து சென்னைக்கு ஒருவரைப் படுத்த நிலையில் கொண்டுவருவதென்றால் லட்சக்கணக்கில் ஆகும், இதை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் அறை வாடகையைப் பேரம் பேசுகிறார்கள். விமான டிக்கெட்டோடு நூறு இருநூறு ரூபாய்க்கு ஒட்டிவரும் பயணக் காப்பீடு உங்கள் மூவருக்கும் பெரிதாக உதவாது. ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் செலவை அவை பொதுவாக ஏற்பதில்லை. பெட்டி தொலைந்தால் உதவும்.

கடைசியாக, பூஜையறைக்குச் சங்கு எடுத்துவரலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். பவளத்துண்டும் சங்கும் விமான நிலையச் சோதனையில் பிடிபடும், சில வகைகள் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதி பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொறுக்கலாம் என்று குழந்தைகள் ஆள் நடமாட்டம் இல்லாத ஓடைப் பக்கம் போனால் தடுத்து நிறுத்துங்கள், அங்கே உப்புநீர் முதலை உண்டு. 2010இல் ராதாநகரை ஒட்டிய ஒரு சிறு கடற்குடாவில் சுற்றுலா வந்த ஒருவரை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

வீட்டுக்காரரின் இசிஜியும் உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவும் வந்ததும் எழுதுங்கள். உங்களுடையதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.